டப்பாவைத் திறக்கும் முன் பானெட்டைத் தடவிப் பாருங்கள்

பள்ளிக்கரணைப் பக்கம் சின்னதாக ஒரு டீட்டெய்லிங் ஷெட், அதாவது வண்டிகளைக் கழுவி மெருகேற்றும் கடை, வைத்திருக்கிறேன். அதற்கு முன்னால் டிங்கரிங், பெயின்டிங் பட்டறையில் இருந்தவன். பட்டி போட்டு, வாட்டர் பேப்பர் தேய்த்து, ஸ்ப்ரே அடித்து, ரப்பிங் முடித்து வண்டியை வெளியே விடுவது வரை எல்லாம் அங்கே கற்றதுதான். ஷெட்டுக்கு வருகிறவர்கள் வண்டியை நிறுத்தியதும் கேட்பது ஒரே கேள்வி: "எந்த வாக்ஸ் நல்ல வாக்ஸ்?" வண்டியைத் தடவிப் பார்க்காமல் நான் அதற்குப் பதில் சொல்வதில்லை. பெயிண்டின் மேல்பரப்பு எவ்வளவு சமமாக இருக்கிறதோ அவ்வளவுதான் பளபளப்பு. வாக்ஸ் அதைக் காக்கும், கொஞ்சம் கூட்டியும் காட்டும். மேடும் பள்ளமுமாக இருக்கிற பரப்பில் என்ன விலை வாக்ஸைப் பூசினாலும் இரண்டு வாட்டர் வாஷுக்குள் பழைய முகம் வந்துவிடும்.

முதலில் எதன்மேல் கை வைக்கிறோம் என்று தெரிய வேண்டும். இன்றைய கார்களில் தகட்டின் மேல் பிரைமர், அதன்மேல் நிறம், எல்லாவற்றுக்கும் மேல் நிறமில்லாத கிளியர் கோட். எல்லாம் சேர்த்து 100 முதல் 150 மைக்ரான். அதில் கிளியர் கோட்டின் பங்கு ஏறக்குறைய 35 முதல் 50 மைக்ரான். தலைமுடி ஒன்றின் தடிமன்கூட இல்லை. வெயிலின் புற ஊதாக் கதிரைத் தாங்கும் சரக்கு கலந்திருப்பது இந்த அடுக்கில்தான். ஒவ்வொரு முறை காம்பவுண்ட் என்ற தேய்ப்புச் சரக்கைப் போட்டுத் தேய்க்கும்போதும் இதிலிருந்து கொஞ்சம் போகிறது, போனது திரும்பாது. ரூஃபிலும் பானெட்டிலும் தோல் உரிந்ததுபோல் வெள்ளை வெள்ளையாகத் திட்டு விழுந்த கார்களைப் பார்த்திருப்பீர்கள். அவை கிளியர் கோட் செத்துப்போன வண்டிகள். அதற்கு மேல் வாக்ஸும் இல்லை, பாலிஷும் இல்லை, பெயிண்ட்தான்.

ஆகவே எனக்கு ஒரே விதி: வேலை முடியும் அளவுக்கு மட்டும் தேய்க்க வேண்டும். எவ்வளவு தேவை என்பதை வண்டியே சொல்லும்.

பையும் வெளிச்சமும்

வண்டியை நன்றாகக் கழுவிக் காயவைத்த பிறகு, மெல்லிய பிளாஸ்டிக் பை ஒன்றைக் கையில் மாட்டிக்கொண்டு பானெட்டின்மேல் மெதுவாகத் தடவுங்கள். வெறும் விரலுக்கு வழவழப்பாகத் தெரிந்த இடம் பையோடு தடவும்போது சொரசொரப்பாகக் கையில் தட்டும். கழுவினாலும் போகாமல் கிளியர் கோட்டில் ஒட்டிக்கொண்ட அழுக்கு அது. பிரேக்கிலிருந்து பறக்கும் இரும்புத் தூள், தார், மரப்பால், பக்கத்து வீட்டு கேட்டுக்கு அடித்த பெயிண்டின் துளி, எல்லாம் அதில் இருக்கும். தண்டவாளம் ஓரமாக நிற்கும் வெள்ளை வண்டிகளில் இது பழுப்புப் புள்ளிகளாகக் கண்ணுக்கே தெரியும்.

அடுத்தது வெளிச்சம். வண்டியை நிழலில் நிறுத்தி, செல்போன் டார்ச்சை பெயிண்டுக்கு ஓரடி தள்ளிப் பிடித்துப் பாருங்கள். வெளிச்சப் புள்ளியைச் சுற்றிச் சிலந்தி வலைபோல் வட்ட வட்டமாகக் கீறல் தெரிந்தால் அதுதான் ஸ்வர்ல் மார்க். விரல் நகத்தைக் கீறலின் குறுக்கே மெதுவாக ஓட்டுங்கள். நகம் மாட்டாமல் வழுக்கினால் பாலிஷுக்குப் பெரும்பாலும் அடங்கும். நகம் மாட்டினால் அது ஆழம். அதை முழுக்க எடுக்க முயன்றால் கிளியர் கோட்டையே எடுத்துவிடுவோம். ஓரங்களை மழுக்கிக் கண்ணுக்கு உறுத்தாமல் செய்துவிட்டு அங்கே நிறுத்திக்கொள்வது நல்லது.

பழைய அம்பாசடர், பத்மினி, பழைய மாருதி 800 வைத்திருப்பவர்கள் இன்னொன்றும் பார்க்க வேண்டும். அந்தக் கால வண்டிகள் பலவற்றில் கிளியர் கோட் கிடையாது, நிறமே மேல் அடுக்கு. கண்ணில் படாத ஒரு மூலையில் வெள்ளைத் துணியால் கொஞ்சம் பாலிஷ் வைத்துத் தேய்த்தால் துணியில் வண்டியின் நிறம் ஏறும். பயப்பட வேண்டாம், வெளுத்துப்போன மேல்தோல்தான் வருகிறது. இந்த வண்டிகள் பாலிஷுக்கு அழகாகத் திரும்பும். மங்கிக் கிடந்த சிவப்பு திரும்ப எழுந்து வருவதைப் பார்ப்பதைவிட இந்தத் தொழிலில் எனக்குப் பிடித்தது வேறில்லை.

கழுவும் தண்ணீர்

எங்கள் பக்கம் போர் தண்ணீர் உப்பு. அதைவிட மோசம், வீட்டு ஆர்ஓ மெஷினிலிருந்து வெளியேறும் கழிவு நீர். தண்ணீரை வீணாக்கக்கூடாது என்ற நல்ல எண்ணத்தில் அதைப் பிடித்து வண்டி கழுவுகிறவர்கள் நிறைய. குடிக்கிற தண்ணீரிலிருந்து பிரித்த உப்பெல்லாம் அந்த வாளியில்தான் இருக்கிறது. வெயிலில் அது காய்ந்தால் துளி துளியாக வெள்ளை வளையம் விழும். செடிக்கு, தரை கழுவ வேண்டுமானால் ஊற்றுங்கள், காருக்கு வேண்டாம். கடைசி அலசலுக்கு என் யோசனை ஏசி தண்ணீர். காற்றின் ஈரம் குளிர்ந்து சொட்டுவது என்பதால் அதில் உப்பு அநேகமாக இருக்காது. சென்னைப் புழுக்கத்தில் ஒரு இரவுக்கே பாதி வாளி பிடித்துவிடலாம்.

ஏற்கெனவே வளையம் விழுந்திருந்தால் வெள்ளை வினிகரில் சம அளவு தண்ணீர் கலந்து, பெயிண்ட் குளிர்ந்திருக்கும்போது துணியில் நனைத்து ஓரிரு நிமிடம் வைத்து எடுங்கள், உடனே நன்றாக அலசிவிடுங்கள். அதற்கும் போகாத வளையம் பெயிண்டைத் தின்றுவிட்டது என்று அர்த்தம், அது பாலிஷ் வேலை.

கழுவும்போது இரண்டு வாளி வையுங்கள். ஒன்றில் கார் ஷாம்பு, இன்னொன்றில் வெறும் தண்ணீர். ஒரு டோரைத் துடைத்ததும் கிளவுஸை வெறும் தண்ணீரில் அலசிவிட்டுத்தான் மறுபடி ஷாம்பு வாளிக்குள் விட வேண்டும். மேலிருந்து கீழே வாருங்கள். டயருக்குப் பக்கத்துச் சேறு கடைசி. பாத்திரம் விளக்கும் லிக்விட் இருக்கிறதே, அது வாக்ஸையும் சேர்த்துக் கழுவிவிடும். பழைய வாக்ஸை எடுத்துவிட்டுப் புதிதாகத் தொடங்கும் அன்று மட்டும் அது பரவாயில்லை.

பை தடவியதில் சொரசொரப்பு இருந்தால் அடுத்து கிளே பார். களிமண் கட்டி மாதிரி இருக்கும். அதைச் சின்னதாகப் பிய்த்து, கையால் தட்டையாக்கி, கிளே லூப்ரிகன்டோ ஷாம்புத் தண்ணீரோ தாராளமாக அடித்து, அழுத்தாமல் முன்னும் பின்னுமாக நேர்கோட்டில் ஓட்ட வேண்டும். முதலில் கரகரவென்று சத்தம் கேட்கும். சத்தம் நின்று கை வழுக்க ஆரம்பித்தால் அந்த இடம் முடிந்தது. கட்டியைத் திருப்பிப் பாருங்கள், கருப்புக் கோடாக அழுக்கு ஏறியிருக்கும். மடித்துப் புது முகம் எடுத்துக்கொள்ளுங்கள். கை தவறிக் கீழே விழுந்த துண்டை எடுத்து மறுபடி வைக்காதீர்கள், மண் ஒட்டியிருக்கும், தூக்கிப் போடுங்கள். இரும்புத் தூள் அதிகமுள்ள வண்டிக்கு கிளேக்கு முன்னால் அயர்ன் ரிமூவர் அடித்தால் புள்ளிகள் ஊதா நிறமாகக் கரைந்து வழியும். அதைக் காய விடாமல் அலசிவிட வேண்டும்.

காம்பவுண்டா, பாலிஷா?

கடையில் அலமாரி முழுக்க பாட்டில் இருக்கும். லேபிளில் பெரிய எழுத்தில் இருப்பதை விட்டுவிட்டு, அது தேய்க்கிற சரக்கா, பூசுகிற சரக்கா என்று மட்டும் பாருங்கள். காம்பவுண்ட் தேய்க்கும், வேகமாகத் தேய்க்கும். பாலிஷ் மெதுவாகத் தேய்த்து மெருகேற்றும். வாக்ஸும் சீலன்டும் தேய்க்காது, மேலே படியும். சில பாட்டில்களில் பாலிஷ் என்று போட்டிருக்கும், உள்ளே இருப்பது வெறும் வாக்ஸும் எண்ணெயும்தான். பின்பக்கம் கீறல் நீக்கும் என்றோ, உராய்வுப் பொருள் உண்டு என்றோ எழுதியிருக்கிறதா என்று படித்தால் தெரிந்துவிடும். சந்தேகமானால் ஒரு துளியை இரண்டு விரலுக்கு நடுவே வைத்துத் தேய்த்துப் பாருங்கள். கனமான காம்பவுண்ட் மாவுபோல் லேசாக நறநறக்கும். நல்ல ஃபினிஷிங் பாலிஷ் அவ்வளவு எளிதாகப் பிடிபடாது, அதற்கு லேபிள்தான் வழி.

எப்போதும் கனம் குறைந்ததில் ஆரம்பியுங்கள். பானெட்டில் இரண்டடிக்கு இரண்டடி இடம் எடுத்து, முதலில் மெல்லிய பாலிஷ். துடைத்துவிட்டு டார்ச் அடித்துப் பாருங்கள். கீறல் போயிருந்தால் வண்டி முழுக்க அதுவே போதும். போகவில்லை என்றால்தான் ஒரு படி மேலே. மெகுயர்ஸ் கம்பெனியின் 105 என்ற காம்பவுண்ட் கனமாக வெட்டும், 205 என்ற பாலிஷ் மெருகேற்றும். பெரும்பாலான வண்டிக்கு நான் 205-லேயே ஆரம்பிக்கிறேன், பாதிக்குப் பாதி அதிலேயே முடிந்தும் விடுகிறது. த்ரீ எம் சரக்கிலும் இதே மாதிரி படி படியாக இருக்கிறது. எந்தக் கம்பெனி என்பதைவிட ஒரே கம்பெனியின் அடுத்தடுத்த படிகளாக வாங்குவது வேலையை எளிதாக்கும்.

கையால் செய்கிறவர்கள் மெல்லிய பாலிஷும் ஃபோம் அப்ளிகேட்டரும் வைத்துக்கொள்ளுங்கள். மேலோட்டமான மங்கலும் லேசான கீறலும் போகும். வண்டி முழுக்க ஸ்வர்ல் எடுக்க வேண்டுமானால் மெஷின் வேண்டும். வீட்டில் பழகுகிறவர்களுக்கு டூயல் ஆக்‌ஷன் மெஷின்தான் சரி. அதன் முனையில் மாட்டும் ஃபோம் பேட் சுழன்றுகொண்டே ஆடவும் செய்வதால் ஒரே இடத்தில் சூடு ஏறாது. பட்டறையில் நாங்கள் பிடித்த ரோட்டரி மெஷின் வேறு ஜாதி. வேலையை வேகமாக முடிக்கும், கை பழகாதவன் பிடித்தால் டோர் விளிம்பில் ஒரு நொடியில் பிரைமரைக் காட்டிவிடும்.

புது ஃபோம் பேடில் பட்டாணி அளவில் நாலைந்து துளி. மெஷினைப் பெயிண்டில் வைத்த பிறகுதான் சுவிட்ச். குறைந்த வேகத்தில் பரப்பிவிட்டு, அப்புறம் மெஷினின் வேக எண்ணை நாலு, ஐந்து என்று ஏற்றுங்கள். நொடிக்கு ஒரு அங்குலம் போகிற மாதிரி கையை நகர்த்த வேண்டும். இதில்தான் எல்லாரும் அவசரப்படுகிறார்கள். ஒரு கோடு முடிந்ததும் அடுத்த கோடு முந்தையதைப் பாதி மூடிக்கொண்டு போக வேண்டும். இடவலம் ஒரு சுற்று, மேல்கீழ் ஒரு சுற்று, இப்படி நாலு சுற்று. மெஷினின் எடையோடு லேசாகக் கை வைத்தால் போதும். பேடின் பின்பக்கம் ஒரு கருப்புக் கோடு போட்டு வைத்தால் பேட் சுழல்கிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்கலாம். அழுத்தம் கூடினால் சுழற்சி நின்றுவிடும். பம்பர் பிளாஸ்டிக், சூடு சீக்கிரம் ஏறும், அங்கே வேகத்தைக் குறையுங்கள். டோர் விளிம்பு, பானெட்டின் மடிப்புக் கோடு, இங்கெல்லாம் பெயிண்ட் மெல்லிசு. மாஸ்கிங் டேப் ஒட்டிவிட்டு வேலை செய்வது என் பழக்கம்.

பாலிஷ் முடிந்ததும் ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் ஒரு பங்கு, தண்ணீர் மூன்று பங்கு கலந்து துடைத்துப் பாருங்கள். பாலிஷில் இருக்கும் எண்ணெய் கீறலுக்குள் இறங்கி அதை மறைத்துக் காட்டும். எண்ணெயை எடுத்த பிறகு தெரிவதுதான் உண்மையான முகம். "ஒரு மணி நேரத்தில் ஷோரூம் ஃபினிஷ்" என்று போட்டு அனுப்பிய வண்டிகள் பத்து நாளில் பழையபடி ஆவதற்குக் காரணம் பெரும்பாலும் இந்த எண்ணெய்தான். உங்கள் வண்டியை வெளியே கொடுத்தாலும், "துடைச்சுக் காட்டுங்கண்ணே" என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. வேலை தெரிந்தவர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

எந்த வாக்ஸ்?

இப்போது அந்தக் கேள்விக்கு வருவோம். வாக்ஸ் டப்பாக்களில் எழுதியிருக்கும் கார்னாபா மெழுகு பிரேசிலின் வடகிழக்கில் வளரும் ஒரு பனையின் இலையிலிருந்து வருகிறது. அங்கே வறட்சியும் வெயிலும் கடுமை. ஈரம் வெளியேறாமல் இருக்க அந்த மரம் தன் இலைமேல் மெழுகு பூசிக்கொள்கிறது. இலையை வெட்டி, காயவைத்து, தட்டினால் மெழுகு செதிலாக உதிரும். 82 முதல் 86 டிகிரி வரை உருகாது. இயற்கை மெழுகுகளில் இத்தனை கடினமானது குறைவு. சுத்தமான கார்னாபாவைப் பெயிண்டில் தேய்க்கவே முடியாது, அவ்வளவு இறுக்கம். ஆகையால் டப்பாவில் வருவது எதுவானாலும் கரைப்பானும் எண்ணெயும் வேறு மெழுகுகளும் கலந்ததுதான். லேபிளில் நூறு சதவீதம் கார்னாபா என்று இருந்தால், உள்ளே இருக்கும் மெழுகில் கார்னாபாவின் தரத்தைப் பற்றிச் சொல்கிறார்கள், டப்பா முழுக்க அதுதான் என்றல்ல.

கார்னாபா தரும் பளபளப்பு நனைந்த பெயிண்ட் மாதிரி இருக்கும். கருப்பு, மெரூன், அடர்நீலம், இந்த நிறங்களில் அது நிறத்தை ஆழமாகக் காட்டும். குறை என்னவென்றால் ஆயுள். நம் ஊர் வெயிலில் வெளியே நிற்கும் வண்டியில் நாலிலிருந்து எட்டு வாரம் என்று வைத்துக்கொள்ளுங்கள், சித்திரை வைகாசியில் இன்னும் குறையலாம். செயற்கைப் பாலிமரில் செய்யும் சீலன்ட் நாலைந்து மாதம் தாங்கும். அதன் மினுக்கு கண்ணாடி மாதிரி தெளிவாக, கொஞ்சம் குளிர்ச்சியாக இருக்கும். வெள்ளை, சில்வர் வண்டிகளுக்கு எனக்கு அதுதான் பிடிக்கும். வெள்ளை வண்டியில் கார்னாபாவின் ஆழம் கண்ணுக்கே படாது, அந்த உழைப்பு வீண். இப்போது செராமிக் ஸ்ப்ரே என்று டர்ட்டில் வாக்ஸ் போன்றவர்கள் விற்கிறார்கள். ஈர வண்டியிலோ காய்ந்த வண்டியிலோ அடித்துத் துடைத்தால் வேலை முடிந்தது, சில மாதம் தாங்கும். நேரமில்லாதவர்களுக்கு நான் தயங்காமல் சொல்வது அதைத்தான்.

சுருக்கமாக என் கணக்கு இப்படி. வண்டி கூரைக்கடியில் நிற்கிறது, ஞாயிற்றுக்கிழமை காலை அதோடு செலவழிக்க உங்களுக்கு ஆசை, அடர் நிறம்: டப்பாவில் வரும் கார்னாபா பேஸ்ட் வாக்ஸ். ஃபார்முலா ஒன், மெகுயர்ஸ், த்ரீ எம், நம் நாட்டு வாக்ஸ்பால், எது கிடைத்தாலும் சரி. தெருவில், வெயிலில் நிற்கிறது: சீலன்ட் அல்லது செராமிக் ஸ்ப்ரே. ஆசை இருக்கிறது ஆனால் வெளியே நிற்கிறது என்றால் சீலன்ட் போட்டு, ஒரு நாள் விட்டு, அதன்மேல் கார்னாபா போடலாம். மாற்றிப் போட்டால் சீலன்ட் பிடிக்காது.

வருஷக் கணக்கில் தாங்கும் செராமிக் கோட்டிங் பற்றி ஒரு வார்த்தை. அதன் கடினத்தை 9எச் என்று சொல்வது பென்சில் ஈயத்தின் கடினத்தை வைத்துச் செய்யும் சோதனை. லாரி டயரிலிருந்து தெறிக்கும் கல்லுக்கு அது தடுப்பில்லை. உப்புத் தண்ணீர் வளையமும் அதன்மேல் விழும். ஸ்வர்ல் எடுக்காமல் கோட்டிங் போட்டால் அந்தக் கீறல் அப்படியே உள்ளே அடைபட்டுவிடும். போடுவதானால் முன்வேலையை எத்தனை மணி நேரம் செய்கிறார்கள் என்று கேட்டுவிட்டுப் போடுங்கள்.

பூசுவது

நிழல் வேண்டும், பெயிண்ட் தொட்டால் குளிர்ந்திருக்க வேண்டும். சாயங்காலம் நல்ல நேரம். ஓட்டி வந்தவுடன் பானெட் சூடாக இருக்கும், ஆற விடுங்கள். கதவோரக் கருப்பு பிளாஸ்டிக், ரப்பர் பீடிங், எல்லாவற்றுக்கும் மாஸ்கிங் டேப். வாக்ஸ் அதில் பட்டுக் காய்ந்தால் வெள்ளையாகத் தங்கிவிடும். பட்டுவிட்டால் பென்சில் அழிக்கும் ரப்பரால் அழித்துப் பாருங்கள், பெரும்பாலும் வந்துவிடும்.

ஃபோம் அப்ளிகேட்டரில் லேசாகத் தண்ணீர் தெளித்துப் பிழிந்துகொள்ளுங்கள். டப்பாவில் அதை வைத்து ஒரே ஒரு திருப்பு. பாதி பானெட்டுக்கு அது போதும். பூசிய இடம் மங்கலான பனிபோல் தெரிய வேண்டும், வெண்ணெய் தடவின மாதிரி திட்டாகத் தெரிந்தால் அதிகம். வாக்ஸ் எவ்வளவு கனமாகப் போட்டாலும் மேலே ஒட்டுவது ஒரு மெல்லிய படலம்தான், மிச்சமெல்லாம் துடைத்தெறியத்தான் போகிறோம். துடைக்கிற கைதான் வலிக்கும். நேர்கோட்டில் பூசுங்கள், ஒரு இடமும் விட்டுப்போகாமல் இருக்க முந்தைய கோட்டைக் கொஞ்சம் மூடிக்கொண்டு போங்கள்.

காய்ந்ததா என்பதைக் கடிகாரத்தில் பார்க்காதீர்கள். பாட்டிலில் பத்துப் பதினைந்து நிமிடம் என்று இருக்கும். ஐப்பசி, கார்த்திகையில் காற்று முழுக்க ஈரம், அதைவிட அதிகம் ஆகும். சுட்டு விரலால் ஒரு கோடு இழுங்கள். விரல் போன இடம் சுத்தமாகப் பளிச்சென்று தெரிந்தால் துடைக்கலாம். கோடு பிசுபிசுவென்று இழுபட்டால் இன்னும் பொறுக்க வேண்டும். சில சரக்குகளைக் காய விடாமல் உடனே துடைக்கச் சொல்லியிருப்பார்கள், அவர்கள் சொன்னபடி செய்யுங்கள்.

துடைக்க மைக்ரோஃபைபர் இரண்டு. அதை நாலாக மடித்தால் எட்டு முகம் கிடைக்கும். முதல் முகத்தில் வாக்ஸைத் தூக்குங்கள், ஒரு முகம் நிறைந்ததும் மாற்றுங்கள். இரண்டாவது துணியால் அழுத்தமே இல்லாமல் கடைசி மெருகு. ஓரத்தில் தைத்திருக்கும் லேபிளை முதல் நாளே வெட்டி எறியுங்கள், அது கீறும். மெக்கானிக் கடைகளில் கிலோ கணக்கில் வாங்கும் திருப்பூர் பனியன் வேஸ்ட் கை துடைக்க, இன்ஜின் துடைக்க நல்லது. பெயிண்டில் வைக்காதீர்கள். அதில் தையல் நூலும் பாலியெஸ்டர் துண்டும் கலந்திருக்கும். மைக்ரோஃபைபரைத் தனியாகத் துவைத்து, வாசனை கண்டிஷனர் போடாமல், நிழலில் காயவையுங்கள். கண்டிஷனர் இழைகளில் படிந்து துணியின் உறிஞ்சும் தன்மையைக் கெடுக்கும்.

முன் கண்ணாடியில் வாக்ஸ் படக்கூடாது. மழையில் வைப்பர் ஓடும்போது தேய்த்துத் தேய்த்துக் கண்ணை மறைக்கும். பிரேக் டிஸ்க், டயரின் தரை படும் பாகம், பைக் சீட், இவற்றில் எதையும் பூசாதீர்கள், உயிர் விஷயம்.

சிலருக்கு மட்டும்

புதிதாகப் பெயிண்ட் அடித்து வந்த வண்டிக்கு உடனே வாக்ஸ் வேண்டாம். உள்ளே இருக்கும் கரைப்பான் வெளியேற ஒன்றிலிருந்து மூன்று மாதம் ஆகும். அடித்தவரையே கேட்டு, அவர் சொன்ன நாளை வைத்துக்கொள்ளுங்கள். ஷோரூமிலிருந்து வந்த புது வண்டியின் பெயிண்ட் தொழிற்சாலை அடுப்பில் சுட்டது, அதற்குக் காத்திருக்க வேண்டியதில்லை.

மேட் ஃபினிஷ் பைக் வைத்திருக்கும் தம்பிகள் தயவுசெய்து பாலிஷ் பக்கமே போகாதீர்கள். தேய்த்த இடம் மட்டும் பளபளத்து, திட்டாக நின்றுவிடும், திரும்பக் கொண்டுவர வழியில்லை. மேட் பெயிண்டுக்கென்றே விற்கும் ஸ்ப்ரே மட்டும் போதும். பளபளப்பு டேங்க் உள்ள பைக்குக்குக் காருக்குச் சொன்னதெல்லாம் பொருந்தும். ஸ்டிக்கர் ஓரத்தில் மட்டும் கையைப் பதமாக வையுங்கள். வாட்டர் வாஷ் முடிந்ததும் டீசலும் ஆயிலும் கலந்து அடித்துத் துடைத்துத் தருகிற வழக்கம் உண்டு. வீட்டுக்கு வரும் வரை மின்னும். அதற்குள் தெருத் தூசியெல்லாம் ஒட்டி, மறுநாள் துடைக்கும்போது அதுவே உப்புத்தாளாகத் தேய்க்கும். ரப்பர் பாகங்களும் ஊறிக் கெடும். "ஆயில் வேண்டாம்ணா, வெறும் வாஷ் போதும்" என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

போட்ட பிறகு

ஸ்வர்ல் மார்க்கில் பெரும் பங்கு தினசரித் துடைப்பில் வருகிறது. அபார்ட்மென்டில் ஒரே வாளி, ஒரே துணி, வரிசையாக எல்லா வண்டியும். விடியற்காலையில் அத்தனை வண்டியையும் முடிக்க வேண்டிய அண்ணனைக் குறை சொல்லி என்ன பயன்? உங்கள் வண்டிக்கென்று ஒரு வாளியும் இரண்டு மைக்ரோஃபைபரும் வாங்கிக் கொடுங்கள். "அண்ணே, தண்ணி இல்லாத அன்னைக்குத் தூசி இருந்தா இருக்கட்டும், வறட்டுத் துணியால துடைக்காதீங்க" என்று சொல்லுங்கள். அந்த மஞ்சள் துணியால் தட்டுகிற பழக்கம் உங்களுக்கே இருந்தால் அதையும் விடுங்கள். தூசி என்பது மணல்தான், அதைப் பெயிண்டில் வைத்து இழுக்கக்கூடாது.

தூங்குமூஞ்சி மரமும் பூத்த மாமரமும் நல்ல நிழல்தான், ஆனால் பிசுபிசுப்பாகச் சொட்டும். அன்றன்றைக்குக் கழுவினால் தண்ணீரிலேயே போகும், வாரம் விட்டால் கிளே கேட்கும். காக்கை எச்சத்தை வெயில் ஏறும் முன்னால் எடுங்கள். ஈரத் துணியை அதன்மேல் போட்டு ஐந்து நிமிடம் ஊறவிட்டு, ஒற்றி எடுக்க வேண்டும், தேய்க்கக்கூடாது. உள்ளே விதையும் மணலும் இருக்கும். வாக்ஸ் இருந்தால் எச்சம் பெயிண்டைத் தின்பதற்கு முன் அது கொஞ்ச நேரம் வாங்கித் தரும், அவ்வளவுதான்.

மறுபடி எப்போது போடுவது என்று மழை சொல்லிவிடும். தண்ணீர் முத்து முத்தாக நின்று உருண்டால் வாக்ஸ் இருக்கிறது. தட்டையாகப் பரவிச் சோம்பலாக வழிந்தால் முதலில் நன்றாகக் கழுவிப் பாருங்கள், சில நேரம் மேலே படிந்த அழுக்கே அப்படிக் காட்டும். கழுவியும் பரவினால் புதுப் பூச்சு. அதற்கு மறுபடி பாலிஷ் தேவையில்லை, கழுவிக் காயவைத்து வாக்ஸ் மட்டும். வருஷத்துக்கு ஒரு தரம் பாலிஷ் என்று காலண்டர் வைத்துக்கொண்டு தேய்க்கிறவர்களைப் பார்த்தால் எனக்கு அந்தக் கிளியர் கோட்டின்மேல்தான் கவலை.

நான் என் வண்டிக்குக் கட்டாயம் வாக்ஸ் போடுவது ஆயுத பூஜைக்கு முந்தின வாரம். அடுத்து வரப்போகும் வடகிழக்குப் பருவமழைக்கும் அது ஆகும், பூஜைக்கும் ஆகும். பானெட்டில் வைக்கும் சந்தனமும் குங்குமமும் காய்ந்து இறுகிவிடும். மறுநாள் அதை நகத்தால் சுரண்டுவதும் வறட்டுத் துணியால் தேய்ப்பதும் வட்டமாகக் கீறல் போடும். சாயம் கலந்த குங்குமம் வெள்ளை வண்டியில் இளஞ்சிவப்பாகக் கறையும் விடும். பொட்டு வைக்கிற இடத்தில் வாக்ஸ் புதிதாக இருந்தால் கறை பெயிண்டுக்கு இறங்காது. எடுக்கும்போது நனைத்த துணியை அதன்மேல் போட்டுவிட்டு ஒரு காபி குடித்து வாருங்கள். ஊறிய பிறகு தண்ணீரை ஊற்றினாலே பாதி போய்விடும், மீதியை ஷாம்பு பார்த்துக்கொள்ளும். அந்த இடத்தில் மட்டும் மறுபடி ஒரு கை வாக்ஸ் வைத்துவிடுங்கள்.